சேர்வதா, ஏறுவதா, வெட்டுவதா, இறங்குவதா? நடுத்தர அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கணக்கு

2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பின் மீது ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அந்த ஜூலை 1 முதல் அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். டெக்சஸ், ஒஹையோ ஸ்டேட் போன்ற பெரிய இடங்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வரம்பு வரை கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காவிட்டால் நல்ல ஆட்டக்காரர் அடுத்த சீசனில் எதிரணியில் நிற்பார்.

யோசிக்க வேண்டியவர்கள் மற்றவர்கள். டிவிஷன் 1 என்ற மேல்தட்டில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. டிவி பணம் கொட்டும் நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களில் இருப்பவை 70-க்குள்தான். (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடி, டிவி உரிமையைச் சேர்ந்து விற்கும் கல்லூரிக் கூட்டணி.) மீதிக் கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்கள் முன்னால் நான்கு வழிகள் கிடக்கின்றன: ஹவுஸ் சமரசத்தில் சேர்ந்து பணம் கொடுப்பது, புட்பாலில் மேல் தட்டுக்கு ஏறுவது, சில விளையாட்டுகளை வெட்டுவது, கீழ் டிவிஷனுக்கு இறங்குவது. இங்கே புட்பால் என்பது ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கப் புட்பால்.

நான்கையும் ஒரே தராசில் வைக்க ஒரு மாதிரிக் கல்லூரி வேண்டும். கற்பனைதான், ஆனால் எண்கள் இந்தத் தட்டுக் கல்லூரிகளில் காணக்கூடிய அளவில் இருக்கின்றன. 20,000 மாணவர்கள் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம். விளையாட்டுத் துறையின் ஆண்டு பட்ஜெட் 4 கோடி டாலர். வரவு இப்படி: மாணவர் விளையாட்டுக் கட்டணம் தலைக்கு 800 வீதம் 1.6 கோடி, பல்கலைக்கழகம் தன் பொது நிதியிலிருந்து தருவது 1 கோடி, நன்கொடை 40 லட்சம், என்சிஏஏ, கான்ஃபரன்ஸ் பங்கு 35 லட்சம், டிக்கெட் 25 லட்சம், விளம்பரமும் கல்லூரிச் சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமமும் 25 லட்சம், பெரிய கல்லூரியின் மைதானத்துக்குப் போய் அடி வாங்கிவர கிடைக்கும் கூலி 15 லட்சம்.

அதாவது நூற்றுக்கு 65 டாலர் விளையாட்டால் சம்பாதித்தது அல்ல. மாணவரும் பல்கலைக்கழகமும் கொடுத்தது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ எம்.எஸ். படிக்கப் போகிறவர்களின் ஃபீஸ் ரசீதிலும் பல கல்லூரிகளில் இந்தக் கட்டணம் உண்டு. அவர்களில் பலர் ஒரு மேட்ச்சுக்கும் போயிருக்க மாட்டார்கள்.

முதலில் ஏட்டுக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு பொறியைத் தாண்டியாக வேண்டும். நிர்வாகக் குழுக்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் மாதிரிக் கல்லூரி 250 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான உதவி தருகிறது. ஒன்றின் விலை, கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 38,000 டாலர். செலவுப் பட்டியலில் 95 லட்சம் என்று நிற்கும். ஆனால் இந்தப் பணம் எங்கே போகிறது? விளையாட்டுத் துறையின் கணக்கிலிருந்து அதே பல்கலைக்கழகத்தின் கட்டணக் கணக்குக்கு. வலது பையிலிருந்து இடது பைக்கு. வகுப்பில் காலி நாற்காலியும் விடுதியில் காலிக் கட்டிலும் இருந்தால், ஒரு ஆட்டக்காரர் வந்து சேர்வதால் உண்மையில் கூடும் செலவு சாப்பாடு, புத்தகம், சில்லறை என்று 10,000 டாலரைத் தாண்டாது. 95 லட்சம் என்று காட்டியது கையை விட்டுப் போகும் பணமாகப் பார்த்தால் 25 லட்சம்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இடம் நிரம்பி வழிந்து, பணம் கட்டத் தயாராக இருக்கும் மாணவரைத் திருப்பி அனுப்பும் பல்கலைக்கழகமாக இருந்தால், அந்த 38,000 கிட்டத்தட்ட முழுவதும் நிஜச் செலவு. ஆகவே நிதி அதிகாரியிடம் முதலில் கேட்க வேண்டியது துறையின் பற்றாக்குறை எவ்வளவு என்பதல்ல, விடுதியில் எத்தனை கட்டில் காலி என்பது.

இதே ஏட்டில் எதிர்த்திசையிலும் மறைப்பு இருக்கும். அரங்கத்தின் கடன் தவணை, பராமரிப்பு, மின்சாரம், பாதுகாப்பு இவற்றைப் பல்கலைக்கழகம் தன் தலையில் போட்டுக்கொண்டால் துறையின் கணக்கு சுத்தமாகத் தெரியும். என்சிஏஏவுக்கு ஆண்டுதோறும் தரும் நிதி அறிக்கையில் ‘மறைமுக நிறுவன ஆதரவு’ என்ற வரி இருக்கிறது. அதோடு அரங்கக் கடனுக்குத் தனி வரியும் உண்டு. முதல் பக்கத்து லாப நட்டத்தை விட்டுவிட்டு அந்த இரண்டு வரிகளுக்கு நேராகப் போவது நல்லது.

சமரசத்தில் சேர்வது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். ‘சேராமல் இருந்தால் செலவில்லை’ என்பது சரியல்ல. பழைய ஆட்டக்காரர்களுக்கு என்சிஏஏ 10 ஆண்டுகளில் கொடுக்க வேண்டிய இழப்பீடு ஏறத்தாழ 280 கோடி டாலர். அதில் பெரும்பங்கை என்சிஏஏ, டிவிஷன் 1 கல்லூரிகளுக்குப் பிரித்துத் தரும் தொகையைக் குறைத்தே ஈடுகட்டுகிறது. வழக்கில் பிரதிவாதியாக இல்லாத சிறிய கல்லூரிக்கும் ஆண்டுக்குச் சில லட்சம் டாலர் குறையும். சேர்ந்தாலும் குறையும், சேராவிட்டாலும் குறையும். அந்த இழப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

சேர்ந்தால் என்ன மாறும்? பழைய ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற ரோஸ்டர் வரம்பு வரும். புட்பாலுக்கு 105, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பேஸ்பாலுக்கு 34. அந்த எண்ணிக்கைக்குள் எல்லோருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். முன்பு பேஸ்பாலில் 11.7 ஸ்காலர்ஷிப்பை அணி முழுவதும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். கூடுதலாகத் தரும் ஸ்காலர்ஷிப்பில் 25 லட்சம் டாலர் வரை அந்த 2.05 கோடி வரம்பில் சேர்த்துக் கணக்கிடப்படும். இதனால்தான் பெரிய கல்லூரிகள் மீதி 1.8 கோடியை ரொக்கமாகப் பிரிக்கின்றன. பரவலாகப் பேசப்படும் பங்கீடு புட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 5. டாலரில் சொன்னால் 1.35 கோடி, 27 லட்சம், 9 லட்சம், 9 லட்சம்.

நம் 4 கோடிக் கல்லூரிக்கு அந்தக் கனவெல்லாம் இல்லை. அதன் முன் நடைமுறையில் உள்ள கேள்வி, ஆண்கள் கூடைப்பந்துக்கு மட்டும் 10 லட்சம் ஒதுக்கலாமா என்பது. ‘மார்ச் போட்டியில் நுழைந்தால் காசு வந்துவிடும்’ என்று பயிற்சியாளர் சொல்வார். கணக்குப் பார்க்கலாம்.

மார்ச்சில் நடக்கும் என்சிஏஏ ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியில் ஒரு அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், இறுதியாட்டம் நீங்கலாக, ஒரு ‘யூனிட்’ கிடைக்கும். ஒரு யூனிட்டின் மதிப்பு ஆறு ஆண்டுகளில் சேர்ந்து வரும் சுமார் 20 லட்சம் டாலர். ஆனால் அது கல்லூரிக்கு வராது, கான்ஃபரன்ஸுக்குப் போகும். 12 கல்லூரிகள் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு 28,000 டாலருக்கும் கொஞ்சம் குறைவு. இதைவிட முக்கியமான இன்னொன்று: கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்குப் போட்டியில் நுழைய ஓரிடம் நிச்சயம். நீங்கள் போகாவிட்டால் உங்கள் கூட்டணியில் வேறொருவர் போவார், அந்த முதல் யூனிட் எப்படியும் வரும், உங்கள் பங்கும் வரும். ஆகவே நீங்கள் சாம்பியன் ஆனதால் யூனிட் வகையில் கூடுதல் வருமானம் பூஜ்யம். போட்டியில் ஓர் ஆட்டம் ஜெயித்தால்தான் இரண்டாவது யூனிட். 10 லட்சம் போட்டு, ஜெயித்து, ஆண்டுக்கு 28,000.

இதற்காகப் பணமே கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. டிக்கெட், நன்கொடை, சேர்க்கை விண்ணப்பம் வழியாகப் பலன் வரலாம். கூட்டணியில் எல்லோரும் கொடுக்கும்போது நீங்கள் மட்டும் கொடுக்காவிட்டால் கடைசி இடம்தான். ஆனால் அதை விளம்பரச் செலவு என்று ஒப்புக்கொண்டு ஒதுக்க வேண்டும், முதலீடு என்று சொல்லிக்கொண்டு அல்ல. விளம்பரச் செலவு என்றால் வரம்பு வைப்பது எளிது.

இந்த வழியில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது ரோஸ்டர். சேர்ந்துவிட்டால் வரம்பு பணம் வாங்கும் அணிக்கு மட்டுமல்ல, எல்லா அணிக்கும் வரும். சொந்தச் செலவில் படித்துக்கொண்டு ஆடும் ‘வாக்-ஆன்’ மாணவர்களை வெளியேற்ற வேண்டிவரும். அவர்கள் கட்டிய கட்டணமும் கூடவே போகும். இரண்டாவது டைட்டில் 9, அதாவது ஆண் பெண் சமத்துவத்துக்கான 1972-ஆம் ஆண்டுச் சட்டம். ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் இந்தப் பணம் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை சொன்னது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சட்டம் அப்படியே இருக்கிறது, விளக்கம் மட்டும் ஊசலாடுகிறது. வழக்கறிஞர் செலவுக்கு ஒரு வரி ஒதுக்காத பட்ஜெட் முழுமையான பட்ஜெட் அல்ல. மூன்றாவது ஒப்பந்தக் காலம். ஆட்டக்காரர் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்ற நிலையில் இரண்டு ஆண்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுப்பது ஆற்றில் போட்ட காசு. மாதத் தவணை, அணியில் இருக்கும் மாதத்துக்கு மட்டும் என்று எழுத வேண்டும்.

இந்த வழிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: இந்த ஆண்டு சேராதவர்கள் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். ஐவி லீக் 2025 ஜனவரியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால் அவர்களுக்கு எந்தக் கதவும் நிரந்தரமாக மூடவில்லை. அடுத்து வரும் மூன்று வழிகளுக்கும் இந்த வசதி கிடையாது.

மேலே ஏறுவது

டிவிஷன் 1 புட்பாலில் எஃப்பிஎஸ் மேல் தட்டு, எஃப்சிஎஸ் அடுத்தது. 2007-இல் எஃப்சிஎஸ்ஸில் இருந்த அப்பலேச்சியன் ஸ்டேட், 4 லட்சம் டாலர் கூலிக்கு மிச்சிகன் போய், மிச்சிகனையே தோற்கடித்துவிட்டு வந்தது. 2014-இல் எஃப்பிஎஸ் ஏறியது. அந்த ஓர் ஆட்டத்தின் படம் ஏகப்பட்ட நிர்வாகக் குழுக் கூட்டங்களில் திரையில் ஓடியிருக்கும். ஏறி, தடுமாறி, இறங்கிய ஐடஹோவின் படத்தை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. 1996-இல் ஏறிய ஐடஹோ, சன் பெல்ட் கான்ஃபரன்ஸில் இடம் போனபின் 2018-இல் எஃப்சிஎஸ்ஸுக்கே திரும்பியது.

ஏறுவதற்கான நுழைவுக் கட்டணம் முன்பு வெறும் 5,000 டாலர். 2023-இல் என்சிஏஏ அதை 50 லட்சமாக்கியது. கூடவே, 16 விளையாட்டுகள் நடத்த வேண்டும், குறைந்தது 210 ஸ்காலர்ஷிப், அதற்கு ஆண்டுக்கு 60 லட்சம் டாலராவது செலவிட வேண்டும் என்றும் விதித்தது. என்சிஏஏவின் கட்டணம் இது. பழைய கான்ஃபரன்ஸை விட்டு விலகும் அபராதமும் புதிய கான்ஃபரன்ஸின் சேர்க்கைத் தொகையும் தனி.

ஆண்டுச் செலவைப் போட்டுப் பார்க்கலாம். பழைய வரம்பில் எஃப்சிஎஸ்ஸுக்கு 63 ஸ்காலர்ஷிப், எஃப்பிஎஸ்ஸுக்கு 85. கூடுதல் 22. அதற்கு ஈடாகப் பெண்கள் அணிகளுக்கும் கூட்ட வேண்டும். டைட்டில் 9 விதிப்படி ஸ்காலர்ஷிப் பணம் ஆண் பெண் ஆட்டக்காரர் விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 17 லட்சம். பயிற்சியாளர் படை பெரிதாகும், 35 லட்சம் கூடும். பயணமும் ஆள் தேடலும் 12 லட்சம். மைதானத்தை விரிவாக்க 4 கோடி கடன் வாங்கினால், 5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு ஆண்டுத் தவணை 26 லட்சம். ஆக 90 லட்சம்.

வரவு? எஃப்பிஎஸ் பிளேஆஃப் பணத்தில் சிறிய கான்ஃபரன்ஸ் கல்லூரிக்கு வரும் பங்கு 20 லட்சத்தை எட்டாது. 18 என்று வைப்போம். டிவி 8 லட்சம். கூலி ஆட்டங்களின் விலை நன்றாகவே உயரும்: 2024-இல் நார்தர்ன் இலினாய், நோட்டர் டேம் போனதற்கு 14 லட்சம் வாங்கியது, ஜெயித்தும் விட்டது. ஆண்டுக்கு இரண்டு ஆட்டம், தலா 12 லட்சம், பழைய 15 லட்சக் கூலியில் புட்பாலுக்கு வந்துகொண்டிருந்த 5 லட்சத்தைக் கழித்தால் 19. மொத்தம் 45 லட்சம்.

பள்ளம் 45 லட்சம். 20,000 மாணவருக்குப் பிரித்தால் தலைக்கு 225 டாலர் கட்டண உயர்வு, ஒவ்வோர் ஆண்டும். டிக்கெட், நன்கொடை கூடுவதை வைத்து இதில் பாதியை அடைக்கலாம் என்று ஆலோசகர் அறிக்கை சொல்லும். முதல் இரண்டு ஆண்டு கூடும், உண்மைதான். தோற்கத் தொடங்கியதும் முதலில் வற்றுவதும் அதுவே.

ஏறி நன்றாக இருப்பவர்களும் உண்டு. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 2022-இல் சன் பெல்ட்டில் சேர்ந்து வந்த வேகத்திலேயே ஜெயித்தது. ஆனால் அங்கே மாணவர் விளையாட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 2,000 டாலரைத் தாண்டியது. வெற்றிக்குப் பின்னால் அந்தத் தூண் நிற்கிறது. விர்ஜினியா மாநிலம் 2015-லேயே இதைக் கவனித்து, விளையாட்டுத் துறையின் வருவாயில் கட்டணமும் பொது நிதியும் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று தட்டுக்குத் தட்டு உச்சவரம்பு விதித்துச் சட்டம் போட்டது. உங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லையென்றால், நிர்வாகக் குழுவே தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கணிப்பு: பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்று எழுத்தில் அழைத்திருந்தால் ஒழிய, 2025-க்குப் பிறகு ஏறுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஏறிய பின்னும் 2.05 கோடி வரம்பு வரை கொடுப்பவர்களோடுதான் மோத வேண்டும்.

விளையாட்டுகளை வெட்டுவது

அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் இதுதான் எளிது. டென்னிஸ், கோல்ஃப், நீச்சல் என்று மூன்று வரியை அடித்தால் பத்து லட்சம் மிச்சம். நடைமுறையில் மிச்சமாவது அதில் பாதி கூட இல்லை.

ஆண்கள் டென்னிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 10 பேர், பழைய வரம்பின்படி 4.5 ஸ்காலர்ஷிப்பைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஏட்டில் ஸ்காலர்ஷிப் 1,71,000, பயிற்சியாளர் 95,000, பயணம் 70,000, பந்து, ராக்கெட், நுழைவுக் கட்டணம் 24,000. மொத்தம் 3,60,000. இப்போது நிஜக் கணக்கு. காலிக் கட்டில் உள்ள கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பின் உண்மைச் செலவு 45,000-தான்; ஆகவே மிச்சமாகக் கூடியது 2,34,000. அந்தப் பத்துப் பேரும் ஸ்காலர்ஷிப் போக மீதி 5.5 முழுக் கட்டணத்துக்குச் சமமான தொகையை வீட்டிலிருந்து கட்டுகிறார்கள். வேறு சலுகை இல்லை என்று வைத்தால், அவர்களுக்கு ஆகும் செலவு போகப் பல்கலைக்கழகத்துக்கு நிற்பது 1,54,000. ஆட வந்தவர்களில் பாதிப்பேர் வேறு கல்லூரிக்குப் போனால் 77,000 போச்சு. கடைசியில் கையில் நிற்பது 1,57,000.

ஆக, ஸ்காலர்ஷிப் குறைவாகவும் வாக்-ஆன் அதிகமாகவும் உள்ள அணியை வெட்டினால் பல்கலைக்கழகத்துக்கு நட்டமே கூட வரலாம். துறையின் ஏட்டில் மட்டும் லாபம் தெரியும், ஏனென்றால் கட்டண வரவு துறையின் கணக்கில் இல்லையே.

பிறகு நீதிமன்றம். ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் பல்கலைக்கழகம் 2025-இல் பீச் வாலிபால், பௌலிங் உட்படச் சில அணிகளை நிறுத்தியது; பெண்கள் அணிகளைத் தொடரும்படி அதே கோடையில் கூட்டாட்சி நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். 2020-இல் நான்கு அணிகளை வெட்டிய ஐயோவா, வழக்கு வந்தபின் பெண்கள் நீச்சலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஸ்டான்ஃபோர்ட் அந்த ஆண்டே 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்து, முன்னாள் மாணவர் கொந்தளிப்புக்குப் பிறகு 2021 மே மாதம் அத்தனையையும் திரும்பப் பெற்றது. அவ்வளவு நிதி வைத்திருக்கும் கல்லூரிக்கே அந்த நிலை.

வெட்டத்தான் வேண்டும் என்றால் செய்முறை வரிசை முக்கியம். முதலில் ஆண் பெண் மாணவர் சேர்க்கை விகிதத்தையும் ஆட்டக்காரர் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்கள் ஏற்கெனவே குறைவாக இருந்தால் பெண்கள் அணியைத் தொடவே வேண்டாம். அடுத்து டிவிஷன் 1-க்கு வேண்டிய 14 விளையாட்டு, எஃப்பிஎஸ்ஸுக்கு வேண்டிய 16, இதற்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த அணியின் பெயரில் யாராவது அறக்கட்டளை நிதி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அணி போனால் அந்தப் பணத்தை வேறு வேலைக்கு எடுக்க முடியாது. அறிவிப்பு, ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரி தேட நேரம் இருக்கும் மாதத்தில் வர வேண்டும். பிந்தி வரும் அறிவிப்பு வழக்கில் போய் முடியலாம்.

இறங்குவது

இதைப் பேசவே கூச்சப்படுகிறார்கள், ‘தரம் தாழ்ந்துவிட்டது’ என்ற சொல் வந்துவிடும் என்று. சிறிய தனியார் கல்லூரிக்கு நான்கு வழிகளில் எண்கள் நேராக நிற்கும் ஒரே வழி பல நேரம் இதுதான்.

ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021 மார்ச்சில் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியில் நுழைந்தது. மே மாதமே டிவிஷன் 3-க்கு இறங்குவதாக அறிவித்தது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் 2025 மார்ச்சில் அதே போட்டியில் ஆடிய சில நாளில் அதே அறிவிப்பைச் செய்தது. ஜெயித்த நேரத்தில் ஏன் இறங்கினார்கள் என்று கேட்டவர்கள் மேலே சொன்ன யூனிட் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. இதனால் கணக்கே தலைகீழாகிறது: டிவிஷன் 1-இல் ஆட்டக்காரர் செலவு, டிவிஷன் 3-இல் ஆட்டக்காரர் வரவு. 1,800 பேர் படிக்கும் கல்லூரி, பொதுச் சலுகை எல்லாம் கழித்து ஒரு மாணவரிடம் கையில் நிற்பது 18,000 டாலர் என்று வையுங்கள். 380 ஆட்டக்காரர்கள் இருந்தால் 68.4 லட்சம். இதை அப்படியே லாபம் என்று எழுதும் அறிக்கைகள் வரும், நம்ப வேண்டாம். ஆட்டம் இல்லாவிட்டாலும் வந்து சேர்ந்திருப்பவர்களைக் கழிக்க வேண்டும். பாதிப்பேர் ஆட்டத்துக்காகவே வந்தவர்கள் என்றால் 34.2 லட்சம். விமானம் போய் பஸ் வரும், பயிற்சியாளர் சம்பளம் சுருங்கும்.

இழப்புகளும் தெளிவானவை. என்சிஏஏவின் டிவிஷன் 1 பங்கு நின்றுபோகும். கூலி ஆட்டங்களும் நின்றுபோகும். ஏற்கெனவே ஸ்காலர்ஷிப் பெற்றவர்களுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், அதனால் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் பழைய செலவும் ஓடும், புதிய வரவும் முழுதாக வந்திருக்காது. அந்த இடைக்காலத்துக்கு ரொக்கக் கையிருப்பு இல்லாமல் இறங்கினால் நடுப்படியில் மாட்டிக்கொள்வீர்கள். மனம் மாறித் திரும்ப ஏற வேண்டும் என்றாலோ கான்ஃபரன்ஸ் அழைப்பு இல்லாமல் முடியாது.

புட்பாலை மட்டும் விடுவது இதன் இன்னொரு வடிவம். அலபாமா பர்மிங்ஹாம் 2014 டிசம்பரில் விட்டது, 2015 ஜூனில் முடிவை மாற்றியது, 2017-இல் மீண்டும் களமிறங்கியது. இடையில் நகரமே திரண்டு நன்கொடை கொடுத்தது. புட்பாலை விட்டால் கான்ஃபரன்ஸ் உறுப்பினர் இடமே போகுமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. விடும் முன் கான்ஃபரன்ஸ் விதிப்புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பணம் எங்கிருந்து

எந்த வழியானாலும் இடைவெளியை நிரப்ப யாரோ கொடுக்க வேண்டும். டிக்கெட்டில் ஏற்றலாம்: டென்னசி 2025 புட்பால் டிக்கெட்டில் ‘திறமைக் கட்டணம்’ என்று 10 சதவீதம் சேர்த்தது. ஒரு லட்சம் பேர் உட்காரும் அரங்கத்துக்கு அது சரி. நம் கல்லூரியின் 25 லட்சத்தில் 10 சதவீதம் இரண்டரை லட்சம்.

நன்கொடையில் டல்லாஸின் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம் 2023-இல் சில நாளில் 10 கோடி டாலர் திரட்டியது, ஒன்பது ஆண்டு டிவி பங்கே வேண்டாம் என்று சொல்லி ஏசிசி கான்ஃபரன்ஸில் நுழைந்தது. டல்லாஸ் எண்ணெய்ப் பணம் இல்லாதவர்கள் இதைத் திட்டமாக எழுத வேண்டாம். நல்ல இருக்கைக்காகக் கொடுக்கும் நன்கொடைக்கு முன்பு 80 சதவீத வரிச்சலுகை இருந்தது. 2018 முதல் அதுவும் இல்லை.

கடன்தான் அபாயம். பெர்க்லி தன் மெமோரியல் ஸ்டேடியத்தை நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி மாற்றி 2012-இல் திறந்தது. நீண்ட கால இருக்கை உரிமையை முன்கூட்டி விற்று அடைக்கலாம் என்பது திட்டம். இருக்கை எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2018-இல் கடனின் பெரும்பகுதியைத் துறையிடமிருந்து பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. எண்களில் தவறு இல்லை. ரசிகர் முப்பது ஆண்டு கழித்தும் அதே இருக்கைக்குக் காசு தருவார் என்ற அனுமானத்தில் இருந்தது தவறு. தவணையில் பாதியை இப்போதே கையெழுத்தான, ரத்து செய்ய முடியாத ஒப்பந்த வரவால் அடைக்க முடியாவிட்டால் கடன் வாங்காதீர்கள்.

பயிற்சியாளர் ஒப்பந்தமும் ஒரு கடன்தான், ஏட்டில் அப்படி எழுதுவதில்லை, அவ்வளவே. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது பாக்கி 7.5 கோடி டாலருக்கு மேல் இருந்தது. நம் அளவுக் கல்லூரியில் அது 20 லட்சமாக இருக்கும், ஆனால் பட்ஜெட்டைக் கவிழ்க்க அது போதும். நீக்கினால் மீதிச் சம்பளத்தில் பாதிதான், வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளம் கழியும், கொடுப்பது மாதத் தவணையில் என்ற மூன்று வரியும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும்.

எங்களைக் கேட்டால், மாதிரிக் கல்லூரி சமரசத்தில் இந்த ஆண்டு சேராமல், ஓராண்டு ரோஸ்டர் கணக்கை முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு கூடைப்பந்துக்கு 6 லட்சத்துக்கு மிகாமல் ஒதுக்கிச் சேரலாம். அந்த 6 லட்சத்தை மாணவர் கட்டணத்தில் தொடாமல், விளம்பர வரவான 25 லட்சத்திலிருந்து எடுக்க வேண்டும். 1,800 பேர் படிக்கும் தனியார் கல்லூரியாக இருந்து விடுதியில் 150 கட்டில் காலியாகக் கிடந்தால், டிவிஷன் 3 கான்ஃபரன்ஸ் தலைவர்களிடம் இந்தப் பருவத்திலேயே பேசத் தொடங்கலாம். அழைப்புக் கடிதம் கையில் வரும் வரை பயிற்சியாளர் ஒப்பந்தம் எதையும் ஓராண்டுக்கு மேல் நீட்டக் கூடாது.